டீஃபால்ட் ரூட் எங்கேருந்து வருது? ஐஎஸ்பி (இன்டர்நெட் கம்பெனி) லைன் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஎல்லயும் (கோலாலம்பூர்) பினாங்கிலயும் கடை, கிளினிக், சின்ன ஆபீஸ்னு நெட்வொர்க் வேலை பார்க்கிறவங்களும், வீட்டுல சொந்தமா ரவுட்டர் வாங்கி மாட்டுறவங்களும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க இது. மேலாப்புல வேற வேற மாதிரி தெரிஞ்சாலும் அடியில ஒண்ணுதான்: நம்ம ரவுட்டர்ல இருக்கிற டீஃபால்ட் ரூட்டை யார் போட்டாங்க, அது பொய் சொன்னா எப்படி கண்டுபிடிக்கிறது.

டீஃபால்ட் ரூட்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு பாக்கெட் வந்தா ரவுட்டர் தன் ரூட்டிங் டேபிளைப் பார்க்கும், அந்த அட்ரஸுக்குப் பொருந்துற ரூட்ல எது ரொம்பக் குறுகலா இருக்கோ, அதாவது ரொம்பக் கம்மி அட்ரஸை மட்டும் குறிக்குதோ, அது வழியா அனுப்பும், எதுவுமே பொருந்தலைன்னா கடைசியா 0.0.0.0/0ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுல தள்ளி விட்டுடும். எந்த பஸ்ஸுன்னு தெரியலைன்னா முதல்ல கேஎல் சென்ட்ரல் போயிடு, மிச்சத்தை அங்க போய் பார்த்துக்கோன்னு சொல்ற மாதிரிதான். ஐபிவி6ல இதையே ::/0ன்னு எழுதுவாங்க. வீட்டு ரவுட்டருக்குத் தெரிஞ்ச உலகம் ரொம்பச் சின்னது, தன் 192.168 நெட்வொர்க், வெளிய போற ஒரு லைன், அவ்வளவுதான். மிச்ச இன்டர்நெட் முழுக்க அந்த ஒத்த வரியில அடக்கம்.

அந்த வரியை ஐஎஸ்பி அனுப்புதா, என் ரவுட்டரே போட்டுக்குதா?

நிறைய பேர் குழம்புற இடம் இதுதான். லைனைப் பொறுத்து மாறும். பிபிபிஓஇ லைன்ல, அதாவது யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு செஷன் திறக்குற லைன்ல, ஐஎஸ்பி டீஃபால்ட் ரூட்டுன்னு எதையும் அனுப்புறதே இல்ல, செஷன் கிடைச்சதும் நம்ம ரவுட்டர் தானா போட்டுக்குது. டிஹெச்சிபி லைன்ல, அதாவது ரவுட்டர் கேட்டா ஐபி தானா வர்ற லைன்ல, கேட்வே அட்ரஸை (வெளிய போக அடுத்து கொடுக்க வேண்டிய ரவுட்டர்) ஐஎஸ்பி சொல்லும், அதை வச்சு ரவுட்டர் ரூட் போடும். ஸ்டேட்டிக் ஐபி லைன்னா ஈமெயில்ல எழுதிக் கொடுப்பாங்க, நீங்க கையால அடிக்கணும். ஐபிவி6ல ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட்னு ஒரு மெசேஜ் வரும். பிஜிபி (ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு ரூட்டைச் சொல்லிக்கிற முறை) ஓடுற பிசினஸ் லைன்ல மட்டும்தான் 0.0.0.0/0ங்கிற ரூட்டையே ஐஎஸ்பி ரவுட்டர் நிஜமா அட்வர்டைஸ் பண்ணும். ஒவ்வொண்ணுக்கும் கோளாறு பார்க்குற விதம் வேற, உங்க லைன் எந்த வகைன்னு தெரியாம ரவுட்டரை ஊசி வச்சுக் குத்தி ரீசெட் பண்றதுல பிரயோஜனமே இல்ல.

யுனிஃபை லைன்ல என்ன நடக்குது?

டெலிகாம் மலேசியாவோட ஃபைபர் யுனிஃபை 2010 மார்ச்ல வந்தது, அதுக்கு முன்னாடி காப்பர்ல ஸ்ட்ரீமிக்ஸ், ரெண்டுமே பிபிபிஓஇதான். ஸ்ட்ரீமிக்ஸ் மோடம்ல விபிஐ 0, விசிஐ 35னு அடிச்சது பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃபைபர்ல அந்த இடத்துக்கு விலான் (ஒரே கேபிளை நம்பர் போட்டுப் பிரிக்கிற முறை) வந்துடுச்சு, இன்டர்நெட்டுக்கு 500, டிவிக்கு 600.

ரவுட்டர் முதல்ல யாராச்சும் இருக்கீங்களான்னு பிஏடிஐன்னு ஒரு பிராட்காஸ்ட் விடும், அந்தப் பக்கம் டெலிகாம் கட்டடத்துல நம்ம செஷனை எல்லாம் வாங்குற பெரிய ரவுட்டரான பிராஸ், இப்ப பிஎன்ஜின்னும் சொல்றாங்க, அது பிஏடிஓன்னு பதில் போடும், நம்மாளு பிஏடிஆர் அனுப்புவான், அது பிஏடிஎஸ் போட்டு ஒரு செஷன் நம்பரைக் கொடுத்துடும். 1999ல வந்த ஆர்எஃப்சி 2516ல (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) எழுதின அதே கதைதான் இன்னிக்கும் ஓடுது. அப்புறம் லிங்கைப் பத்திப் பேசி முடிக்கிற எல்சிபி, அப்புறம் யூசர்நேம் பாஸ்வேர்ட், பிராஸ் அதை அக்கவுண்டைச் சரிபார்க்கிற ரேடியஸ் சர்வர்கிட்ட கேட்டுப் பார்க்கும், சரின்னா ஐபி அட்ரஸைப் பேசுற ஐபிசிபி ஆரம்பிக்கும். இதுல நம்ம ரவுட்டர் என் ஐபி 0.0.0.0ன்னு சொல்லும், பிராஸ் அதெல்லாம் இல்ல இதை வச்சுக்கோன்னு ஒரு நிஜ அட்ரஸைத் திருப்பி அனுப்பும், தன் அட்ரஸையும் சொல்லும், கேட்டா டிஎன்எஸ்ஸும் தரும்.

இவ்வளவு பேச்சுலயும் டீஃபால்ட் ரூட்டுன்னு ஒரு வார்த்தை கிடையாது, கவனிச்சீங்களா? ஐபிசிபில அதுக்குன்னு ஆப்ஷனே வைக்கல. லிங்க் எழுந்ததும் நம்ம ரவுட்டர்தான் வெளிய போற வழி இனிமே இந்த பிபிபி இன்டர்ஃபேஸ்தான்னு முடிவு பண்ணி வரியை எழுதிக்குது. மைக்ரோட்டிக்னு ஒரு ரவுட்டர் பிராண்ட், அதுல ஆட் டீஃபால்ட் ரூட்னு ஒரு டிக் இருக்கும், லினக்ஸ்ல பிபிபி ஓட்டுற பிபிபிடி புரோகிராம்ல டீஃபால்ட்ரூட்னு ஒரு ஆப்ஷன், லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல வாங்குற சாதாரண வீட்டு ரவுட்டர் நம்மள கேக்காமலே போட்டுடும்.

விலான் தப்பா போட்டா?

பிஏடிஐ போகும், பதில் வராது, அவ்வளவுதான். செஷன் இல்லைன்னா இன்டர்ஃபேஸ் இல்ல, ரூட்டும் இல்ல. யுனிஃபைல இருந்து மேக்சிஸ் ஃபைபருக்கு மாறினவங்க பழைய ரவுட்டரை அப்படியே மாட்டினா இதுதான் நடக்கும், மேக்சிஸ் இன்டர்நெட்டுக்கு விலான் 621. டிபி-லிங்க் மாதிரி ரவுட்டர்ல மலேசியா யுனிஃபை, மலேசியா மேக்சிஸ்னு ரெடியா ப்ரொஃபைல் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தா போதும். விலான் டேக் பண்ணத் தெரியாத ரவுட்டரை மலிவா கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க.

கேட்வே அட்ரஸ் என் ஐபிக்குச் சம்பந்தமே இல்லாம இருக்கே, ஐஎஸ்பி தப்பா கொடுத்துட்டாங்களா?

இல்ல, பிபிபின்னா அப்படித்தான். அது ரெண்டு முனை மட்டும் இருக்கிற குழாய், உங்க அட்ரஸ் /32 (ஒத்தை அட்ரஸ் மட்டும்), அந்தப் பக்கத்து அட்ரஸ் எதுவா வேணா இருக்கலாம், ஒரே சப்நெட்ல (ஒரே அட்ரஸ் கூட்டத்துல) இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஐபியை வச்சு பக்கத்து மெஷினோட ஹார்ட்வேர் அட்ரஸைக் கேக்குற ஏஆர்பியும் இல்ல. உள்ள போட்டது எல்லாம் மறுமுனையில விழும், அதனால அட்ரஸ் என்னன்னு ரவுட்டருக்கு அக்கறையே இல்ல, இன்டர்ஃபேஸ் பேரைச் சொன்னாலே போதும். அந்த அட்ரஸைப் பிங் பண்ணா சில பிராஸ் பதில் சொல்லும், சிலது சொல்லாது. சொல்லலைன்னா லைன் செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல.

பிபிபிஓஇ கனெக்டட்னு இருக்கு, ஐபியும் வந்திருக்கு, ஆனா ஒண்ணும் ஓடல. ஐஎஸ்பிக்கு போன் பண்ணவா?

கொஞ்சம் பொறுங்க. ரூட்டிங் டேபிளைத் திறந்து 0.0.0.0/0 எதைக் காட்டுதுன்னு பாருங்க. நிறைய இடத்துல அங்க வேற எவனோ உக்காந்திருப்பான். முன்னாடி மோடம் வச்சு ஓடின காலத்துல யாரோ கையால 192.168.1.1க்கு ஒரு ஸ்டேட்டிக் டீஃபால்ட் போட்டு வச்சிருப்பாங்க, அதோட டிஸ்டன்ஸ் (ரூட்டுக்குக் கொடுக்கிற முன்னுரிமை நம்பர்) 1, பிபிபிஓஇ போடுற ரூட் அதுக்கும் மேல இருக்கிற நம்பர்ல இருந்தா டேபிள்ல ஏறவே ஏறாது, ஏன்னா டிஸ்டன்ஸ் கம்மியா இருக்கிறதுதான் ஜெயிக்கும். லினக்ஸ் பாக்ஸ்னா இன்னும் விசேஷம், ஏற்கனவே ஒரு டீஃபால்ட் இருந்தா பிபிபிடி அதை மாத்தாது, இருக்கிறதை மாத்த மாட்டேன்னு லாக்ல ஒரு வரி எழுதிட்டுப் பேசாம போயிடும், ரீப்ளேஸ்டீஃபால்ட்ரூட்னு தனியா சொன்னாத்தான் மாத்தும். மைக்ரோட்டிக்ல டிக் போட மறந்திருந்தா செஷன் ஜம்முனு இருக்கும், ரூட் மட்டும் இருக்காது. இதுல எதுக்குமே ஐஎஸ்பி பொறுப்பு இல்ல, ஹாட்லைன்ல அரை மணி நேரம் பாட்டு கேட்டாலும் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.

டேபிள் சரியா இருந்து பிங்கும் போயி, சில வெப்சைட் மட்டும் பாதியில தொங்கினா அது ரூட் விவகாரம் இல்ல, எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா போகலாம்ங்கிற அளவு. பிபிபிஓஇ தலைக்கு 8 பைட் போயிடுறதால 1500க்குப் பதிலா 1492தான், டிசிபி எம்எஸ்எஸ்ஸை (பாக்கெட் உள்ள போற டேட்டா அளவு) 1452க்கு மேல போகாம கிளாம்ப் பண்ணுங்க, சரியாயிடும்.

டிஹெச்சிபி லைன்ல?

ரவுட்டர் அட்ரஸ் கேக்கும், பதில்ல ஆப்ஷன் 3ன்னு ஒண்ணு வரும், அதுதான் கேட்வே. ஒண்ணுக்கு மேல கூட எழுதலாம், பெரும்பாலும் முதல்ல இருக்கிறதைத்தான் எடுத்துக்கும். ஆப்ஷன் 121னு இன்னொண்ணு உண்டு, 2002ல வந்த ஆர்எஃப்சி 3442, அதுல பல ரூட்டை ஒண்ணா அனுப்பலாம். இதுல ஒரு பொறி இருக்கு, 121 வந்துட்டா ஆப்ஷன் 3ஐ கண்டுக்கவே கூடாதுன்னு விதி, அப்போ 121 உள்ளயே டீஃபால்ட்டையும் சேர்த்து எழுதலைன்னா விதியை ஒழுங்கா மதிக்கிற ரவுட்டருக்கு வெளிய போக வழி இருக்காது, மதிக்காத மலிவு ரவுட்டர் ஜாலியா ஓடிட்டிருக்கும். புது ரவுட்டர் மாட்டினா நெட் போகுது பழசுல வருதுன்னு யாராச்சும் சொன்னா இதையும் ஒரு தடவை பாருங்க.

இங்க பிபிபி மாதிரி இல்ல, கேட்வேயை ஏஆர்பி பண்ணித்தான் கண்டுபிடிக்கணும், அதனால கேட்வே உங்க சப்நெட்டுக்குள்ளதான் இருக்கணும். லீஸ் (அட்ரஸை வச்சுக்கக் கொடுத்த கெடு) பாதி தீர்ந்ததும் ரவுட்டர் புதுப்பிக்கக் கேக்கும், முழுசா தீர்ந்தும் பதில் வரலைன்னா அட்ரஸும் போயிடும், கூடவே ரூட்டும் போயிடும். சிஸ்கோவில டிஹெச்சிபி மூலமா வர்ற டீஃபால்ட்டுக்கு டிஸ்டன்ஸ் 254, அதாவது வேற எது இருந்தாலும் இது விட்டுக்கொடுத்துடும்.

இன்னொரு சர்வசாதாரணமான கோளாறு. ஐஎஸ்பி கொடுத்த பாக்ஸும் 192.168.1.1, நீங்க பின்னாடி மாட்டின ரவுட்டரோட உள்பக்கமும் 192.168.1.1. கேட்வே வெளியிலயா உள்ளயான்னு ரவுட்டருக்கே தெரியாம முழிக்கும். உள்பக்கத்தை 192.168.50ன்னு மாத்துங்க, முடிஞ்சுது.

ஸ்டேட்டிக் ஐபி வாங்கினேன், /30ன்னு கொடுத்தாங்க. எது கேட்வே?

/30ல நாலு அட்ரஸ், ரெண்டுதான் உபயோகம். 203.0.113.8/30ன்னு வச்சுக்கிட்டா 9 ஒருத்தருக்கு, 10 ஒருத்தருக்கு. 9 ஐஎஸ்பி பக்கம்னு பொதுவா இருக்கும், ஆனா ஊகம் பண்ணாதீங்க, கொடுத்த பேப்பரைப் பாருங்க. சில இடத்துல /31 கொடுப்பாங்க, 2000லயே ஆர்எஃப்சி 3021 வந்தாச்சு, ரெண்டு அட்ரஸும் உபயோகம், தப்பு இல்ல.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. ஈதர்நெட் லைன்ல நெக்ஸ்ட் ஹாப் (அடுத்த ரவுட்டர்) அட்ரஸ் கொடுக்காம வெறும் இன்டர்ஃபேஸ் பேரை வச்சு டீஃபால்ட் போடாதீங்க. பிபிபில அது சரி, ஈதர்நெட்ல அப்படிப் போட்டா உலகத்துல இருக்கிற ஒவ்வொரு அட்ரஸும் பக்கத்துலயே இருக்குன்னு ரவுட்டர் நினைச்சுக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஏஆர்பி கேக்கும். அந்தப் பக்கம் ப்ராக்ஸி ஏஆர்பி (அடுத்தவங்க அட்ரஸுக்கும் தானே பதில் சொல்றது) ஆன்ல இருந்தா கொஞ்ச நாளைக்கு ஓடவும் ஓடும், அதான் ஆபத்து. ஐஎஸ்பி என்னிக்கு அதை ஆஃப் பண்றாங்களோ அன்னிக்கு உங்க கடை இருட்டு, அவங்க பக்கம் பார்த்தா எல்லாம் சரியா இருக்கும்.

நான் போற வழி சரி, திரும்பி வர்ற வழியை யார் போடுறாங்க?

நல்ல கேள்வி, ரொம்பப் பேர் கேக்கறதில்ல. டீஃபால்ட் ரூட் போறதுக்கு மட்டும்தான். உங்க செஷன் எழுந்ததும் பிராஸ் தன் டேபிள்ல உங்க /32ஐ உங்க செஷன் பக்கம் காட்டி எழுதிக்கும். உங்களுக்கு தனியா ஒரு ஐபி பிளாக் இருந்தா ரேடியஸ்ல ஃபிரேம்ட் ரூட்னு ஒரு ஆட்ரிபியூட் இருக்கு, அது வழியா அந்த பிளாக்கும் உங்க செஷனோட சேர்ந்து எழும், சேர்ந்து விழும். பிளாக் வாங்கின அன்னிக்கு வெளிய போறது எல்லாம் ஓடி, உள்ள வர்றது மட்டும் வரலைன்னா அந்தப் பக்கம் இதை எழுத மறந்திருக்கலாம், இதுக்கு மட்டும் தைரியமா போன் அடிங்க.

என் வான் ஐபி 100ல ஆரம்பிக்குது, அதனாலதான் ரூட் பிரச்சினையா?

100.64ல இருந்து 100.127 வரைக்கும்னா அது சிஜிநாட், அதாவது பல கஸ்டமரை ஐஎஸ்பி ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னாடி வைக்கிறது, 2012ல வந்த ஆர்எஃப்சி 6598 அதுக்குன்னே ஒதுக்கின இடம். டீஃபால்ட் ரூட்டுக்கும் அதுக்கும் சண்டை இல்ல, வெளிய நல்லா போகும். வெளியிலருந்து உங்க சிசிடிவியைப் பார்க்கணும், போர்ட் திறக்கணும்னாதான் சிக்கல்.

5ஜி சிம் ரவுட்டர்ல கேட்வே யாரு?

மொபைல் நெட்வொர்க் உங்க சிம்முக்கு ஒரு ஐபி கொடுக்கும், கேட்வேன்னு தனியா ஒண்ணும் கொடுக்காது, ஏன்னா இதுவும் குழாய் மாதிரிதான். மோடம் உள்ள நம்ம சாஃப்ட்வேருக்குப் புரியணும்னு ஒரு கேட்வேயைத் தானே சோடிச்சுக் காட்டும். அந்த பாக்ஸுக்குப் பின்னாடி உங்க ரவுட்டரை மாட்டினா 192.168.8.1ன்னு ஏதாச்சும் டிஹெச்சிபில வரும், அது பாக்ஸோட அட்ரஸ், டெல்கோவோடது இல்ல. சிக்னல் சுத்தமா இல்லைன்னாலும் அந்த 192.168.8.1 பிங்குக்கு ஜோரா பதில் சொல்லும். பேக்கப் லைனா வைக்கிறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க, கீழ வருது.

ஐபிவி6ல டிஹெச்சிபிவி6 எல்லாம் கிடைச்சிருக்கு, டீஃபால்ட் மட்டும் இல்ல. ஏன்?

ஏன்னா டிஹெச்சிபிவி6 டீஃபால்ட் ரூட் கொடுக்காது, அதுக்கு அந்த ஆப்ஷனே கிடையாது. ப்ரிஃபிக்ஸ் (அட்ரஸ் பிளாக்) கொடுக்கும், டிஎன்எஸ் கொடுக்கும், வழி சொல்லாது. வழி சொல்றது ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட் மட்டும்தான், 2007ல வந்த ஆர்எஃப்சி 4861ல இருக்கு. அந்த மெசேஜ்ல ரவுட்டர் லைஃப்டைம்னு ஒரு நம்பர் வரும், 1800 செகண்ட்னு சாதாரணமா இருக்கும், 0ன்னு வந்தா நான் இங்க இருக்கேன் ஆனா டீஃபால்ட்டா என்னை எடுத்துக்காதேன்னு அர்த்தம். நெக்ஸ்ட் ஹாப்பா பார்த்தா நிஜ அட்ரஸ் இருக்காது, அந்த லிங்குக்குள்ள மட்டும் செல்லுற லிங்க் லோக்கல் அட்ரஸ்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேணாம், அதுதான் முறை. பிபிபிஓஇ மேல ஓடுற ஐபிவி6லயும் இதேதான், ஐபிவி6சிபி இன்டர்ஃபேஸ் ஐடியை மட்டும் பேசி முடிக்கும், மிச்சம் எல்லாம் அப்புறம்.

இப்ப லினக்ஸ்ல ரவுட்டர் கட்டுறவங்க விழுற குழி. ஃபார்வர்டிங்கை ஆன் பண்ணிட்டா கெர்னல் நீ இப்ப ரவுட்டர், மத்தவன் அட்வர்டைஸ்மென்ட்டை எதுக்கு கேக்குறேன்னு ஆர்ஏவை (ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட்) ஒதுக்கிடும். ஆக்செப்ட் ஆர்ஏங்கிற செட்டிங்கை 1ல வச்சா பத்தாது, 2 போடணும். மைக்ரோட்டிக்ல டிஹெச்சிபிவி6 கிளையன்ட்ல ஆட் டீஃபால்ட் ரூட்னு ஒரு டிக் இருக்கே, அப்போ டிஹெச்சிபிவி6தானே கொடுக்குதுன்னு சண்டைக்கு வருவாங்க. அது மைக்ரோட்டிக் தானா பண்ற ஏற்பாடு, சர்வர் எந்த அட்ரஸ்லருந்து பதில் போட்டுச்சோ அதையே கேட்வேயா எடுத்துக்குது. பெரும்பாலும் சர்வரும் பிஎன்ஜியும் ஒண்ணா இருக்கிறதால ஓடிடும்.

ரெண்டு லைன் இருக்கு, ஃபைபரும் 5ஜியும். ஃபைபர் விழுந்தா 5ஜிக்கு மாற மாட்டேங்குது.

ரெண்டு டீஃபால்ட் ரூட் போட்டு ஒண்ணுக்கு டிஸ்டன்ஸ் 1, இன்னொண்ணுக்கு 10 வச்சிருப்பீங்க, அதுவரைக்கும் சரிதான். ஆனா முதல் ரூட் எப்ப டேபிளைவிட்டு இறங்கும்? இன்டர்ஃபேஸ் விழுந்தா இறங்கும், செஷன் போனா இறங்கும். ஃபைபர் பெட்டியில கேபிள் நல்லா இருந்து, பிராஸ் வரைக்கும் செஷனும் இருந்து, அதுக்கு அப்பால எங்கயோ அறுந்திருந்தா உங்க ரவுட்டருக்கு ஒண்ணுமே தெரியாது. ரூட் அங்கேயே இருக்கும், பாக்கெட்டை எல்லாம் வாங்கி வாங்கிக் குழியில போட்டுட்டிருக்கும். டீஃபால்ட் ரூட் ஒரு வாக்குறுதி மட்டும்தான், எனக்கு அடுத்தவனுக்கு வழி தெரியும்னு சொல்லுது, அவனுக்கு நிஜமா தெரியுமான்னு யாரும் சோதிக்கறதில்ல.

அதனால சோதனையை நாமதான் வைக்கணும். மைக்ரோட்டிக்ல செக் கேட்வேன்னு பிங் வச்சா 10 செகண்டுக்கு ஒரு தடவை பார்க்கும், ரெண்டு தடவை பதில் இல்லைன்னா ரூட்டை இறக்கிடும். ஆனா பிங் பண்றது யாரை? பக்கத்து கேட்வேயை பிங் பண்ணா மேல சொன்ன கதைதான், 5ஜி பாக்ஸ் சிக்னல் இல்லாமலே பதில் சொல்லும். தூரத்துல ஒரு அட்ரஸை எடுத்து, அதுக்கு மட்டும் ஃபைபர் வழியா ஒரு /32 ரூட் போட்டு, டீஃபால்ட்டை அந்தத் தூரத்து அட்ரஸ் வழியா போற மாதிரி எழுதுங்க, ரிகர்சிவ் ரூட்னு சொல்வாங்க. அந்த அட்ரஸ் செத்தா டீஃபால்ட்டும் இறங்கும், 5ஜி ஏறும். 1.1.1.1ஐயோ 8.8.8.8ஐயோ இதுக்கு வச்சா அதே அட்ரஸை ஆபீஸ் டிஎன்எஸ்ஸா கொடுக்காதீங்க, ஏன்னா அந்த /32 எப்பவும் ஃபைபர் பக்கமே காட்டும், ஃபைபர் விழுந்த நேரத்துல 5ஜி ஓடினாலும் டிஎன்எஸ் வராது, வாடிக்கையாளர் நெட் இல்லைன்னுதான் சொல்லுவார்.

மாறிடுச்சு, நெட்டும் வருது, ஐபி போன் மட்டும் பத்து நிமிஷமா ரிஜிஸ்டர் ஆகல.

பழைய நாட் என்ட்ரி, அதாவது உள்பக்க அட்ரஸை லைனோட அட்ரஸா மாத்தி வச்ச பதிவு. போன் விடாம யூடிபில தட்டிக்கிட்டே இருக்கிறதால ரவுட்டர்ல அந்த கனெக்ஷன் உயிரோடயே இருக்கு, பழைய லைனோட அட்ரஸைப் போட்டுப் புது லைன்ல அனுப்பிட்டிருக்கு. கனெக்ஷன் டிராக்கிங்ல அந்த என்ட்ரியை அழிங்க, இல்ல லைன் மாறும்போது தானா அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் வைங்க.

ரெண்டு லைனையும் ஒரே நேரத்துல ஓட்டலாமா?

ஒரே டிஸ்டன்ஸ்ல ரெண்டு டீஃபால்ட் போட்டா ரவுட்டர் பங்கு போட்டு அனுப்பும். ஸ்பீடு டெஸ்ட் அழகா இருக்கும், பேங்க் வெப்சைட்ல லாகின் பண்ணவன் அடிக்கடி வெளிய தள்ளப்படுவான், ஏன்னா ஒரே ஆள் ரெண்டு ஐபில வர்றான். ஸ்டேட்டிக் பிளாக் வச்சிருந்தா இன்னொரு தொல்லை, ஒரு ஐஎஸ்பியோட அட்ரஸைப் போட்டு இன்னொரு ஐஎஸ்பி வழியா அனுப்பினா அவங்க தூக்கிப் போட்டுடுவாங்க, 2000ல வந்த பிசிபி 38 சொல்றதே அதைத்தான், அடுத்தவன் அட்ரஸ்ல வர்ற பாக்கெட்டை வாசல்லயே நிறுத்துன்னு. எந்த லைன்ல வந்ததோ அதே லைன்ல திரும்பப் போற மாதிரி பாலிசி ரூட்டிங் பண்ணுங்க. சின்ன ஆபீஸுக்கு என் அபிப்பிராயம், ஒண்ணு மெயின் ஒண்ணு பேக்கப், போதும்.

பிசினஸ் லைன் எடுக்கிறோம், பிஜிபி வேணுமா, டீஃபால்ட் மட்டுமா, ஃபுல் டேபிளான்னு கேக்குறாங்க. எதைச் சொல்றது?

டீஃபால்ட் மட்டும்னா ஐஎஸ்பி உங்களுக்கு ஒரே ஒரு ரூட் அனுப்பும், நீங்க உங்க பிளாக்கை அவங்களுக்கு அட்வர்டைஸ் பண்ணுவீங்க. ஃபுல் டேபிள்னா இன்டர்நெட்ல இருக்கிற எல்லா ரூட்டும் வரும், ஐபிவி4ல மட்டும் 9 லட்சத்துக்கு மேல. நடுவுல பார்ஷியல்னு ஒண்ணு, அவங்க சொந்த கஸ்டமருங்க ரூட், மைஐஎக்ஸ் (மலேசிய ஐஎஸ்பிங்க டிராஃபிக்கை மாத்திக்கிற இடம்) பக்கத்து லோக்கல் ரூட், இதெல்லாம் தனித்தனியா வரும், மிச்சத்துக்கு டீஃபால்ட்.

ஒரே ஐஎஸ்பிதான்னா யோசிக்கவே வேணாம், டீஃபால்ட் போதும். இருக்கிறதே ஒரு வாசல், 9 லட்சம் ரூட்டைப் படிச்சுப் பார்த்துட்டு அதே வாசல் வழியாத்தானே போகப் போறீங்க. ஃபுல் டேபிள் எடுத்திருக்கோம்னு பெருமைக்குச் சொல்லலாம், ரவுட்டர் மெமரி திணறும்போது அந்தப் பெருமை சாப்பாடு போடாது. 2014 ஆகஸ்ட் 12ல டேபிள் 512,000ஐத் தாண்டினப்ப அந்த அளவுக்கு மேல இடம் இல்லாத பழைய ரவுட்டர்ங்க உலகம் பூரா தடுமாறிச்சு, அதுக்கப்புறமும் டேபிள் வளர்ந்துட்டேதான் இருக்கு. ரெண்டு ஐஎஸ்பி இருந்து, எந்த ஊருக்கு எந்த வழி நல்லதுன்னு நிஜமாவே தேர்ந்தெடுக்கணும்னாதான் ஃபுல் டேபிளுக்கு அர்த்தம் இருக்கு. கேஎல்ல இருக்கிற ரெண்டு லைன் ஆபீஸுக்கு எனக்குப் பிடிச்சது பார்ஷியலும் டீஃபால்ட்டும் சேர்த்து வாங்குறது, லோக்கல் டிராஃபிக் கிட்டத்து வழியில போகும், மிச்சத்துக்கு லோக்கல் ப்ரிஃபரென்ஸ் (பிஜிபில எந்த லைனுக்கு முன்னுரிமைங்கிற நம்பர்) வச்சு ஒண்ணை மெயினா வச்சுக்கலாம்.

சொந்த ஏஎஸ் நம்பர் (பிஜிபில உங்க நெட்வொர்க்கோட அடையாள நம்பர்), சொந்த ஐபி எல்லாம் ஆசிய பசிபிக்குக்கு இதை ஒதுக்குற ஏப்நிக் வழியா வரணும், வெளி உலகம் ஏத்துக்கணும்னா /24க்குக் குறைவா அட்வர்டைஸ் பண்ண முடியாது. ஒரே ஐஎஸ்பியோட மட்டும் பிஜிபி பேசுறவங்களுக்கு அவங்களே 64512ல இருந்து ஆரம்பிக்கிற பிரைவேட் ஏஎஸ் நம்பர்ல ஒண்ணு கொடுத்துடுவாங்க.

பிஜிபில டீஃபால்ட் வருதுன்னா ஐஎஸ்பி மேல லிங்க் நல்லா இருக்குன்னு நம்பலாமா?

நம்பாதீங்க. சிஸ்கோவில டீஃபால்ட் ஒரிஜினேட்னு ஒரு கமாண்ட் போட்டா அந்த ரவுட்டர்கிட்ட தனக்கே டீஃபால்ட் இருக்கா இல்லையான்னு பார்க்காம கஸ்டமருக்கு அனுப்பிடும். அதாவது ஐஎஸ்பியோட அந்த ஒரு ரவுட்டர் மேல் உலகத்துலருந்து துண்டிச்சுக் கிடந்தாலும் என்கிட்ட எல்லாத்துக்கும் வழி இருக்குன்னு உங்ககிட்ட சொல்லிட்டே இருக்கும், உங்க ரெண்டாவது லைன் சும்மா வேடிக்கை பார்க்கும். அதுக்கு ரூட் மேப் வச்சு, மேல இருந்து ஒரு குறிப்பிட்ட ரூட் வந்தா மட்டும் டீஃபால்ட்டை அனுப்புற மாதிரி கட்டலாம், லைன் எடுக்கும்போதே உங்க டீஃபால்ட் கண்டிஷனலான்னு ஐஎஸ்பி இன்ஜினியர்கிட்ட கேளுங்க, சேல்ஸ் ஆளுகிட்ட கேட்டா ஆமா பாஸ் எல்லாம் இருக்குன்னுதான் சொல்லுவாரு. பார்ஷியல் வாங்கியிருந்தா இன்னொரு வசதி, மேல போச்சுன்னா அந்த ரூட்டுங்க காணாமப் போகும், அதை வச்சே நீங்க கண்டுபிடிக்கலாம்.

டைமரையும் பாருங்க. சிஸ்கோ டீஃபால்ட்ல கீப்அலைவ் 60 செகண்ட், ஹோல்ட் டைம் 180. நடுவுல ஸ்விட்ச் இருந்து அதுக்கு அப்பால கேபிள் அறுந்தா உங்க போர்ட் பச்சையாவே எரியும், மூணு நிமிஷம் கழிச்சுத்தான் பிஜிபிக்கு விஷயமே தெரியும். பிஎஃப்டி (லைன் உயிரோட இருக்கான்னு வேகமா சோதிக்கிற முறை) ஓட்டுவாங்களான்னு கேளுங்க, செகண்டுக்குள்ள தெரிஞ்சிடும்.

நான் தப்பா எதையாச்சும் அட்வர்டைஸ் பண்ணா ஐஎஸ்பிக்கே பாதிப்பு வருமா?

ஃபில்டர் இல்லைன்னா வரும். ஒரு கஸ்டமர் ரவுட்டர் ஒரு ஐஎஸ்பிகிட்ட வாங்கின ரூட்டை இன்னொரு ஐஎஸ்பிகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தா உலகம் அந்த வழியா வர ஆரம்பிச்சிடும். பெரிய அளவுல நம்ம நாட்டுலயே நடந்திருக்கு, 2015 ஜூன் 12ல டெலிகாம் மலேசியாவோட ஏஎஸ் 4788ல இருந்து ஏறக்குறைய 179,000 ரூட் லெவல் 3ங்கிற பெரிய அமெரிக்க கம்பெனி நெட்வொர்க்குக்கு லீக் ஆச்சு, அவங்களும் வடிகட்டாம வாங்கிக்கிட்டாங்க, எங்கெங்கயோ இருக்கிற டிராஃபிக் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பி பல நாட்டுல இன்டர்நெட் தவழ்ந்துச்சு. கொடுத்தவன் மேல பாதி, வாங்கினவன் மேல பாதின்னுதான் நான் சொல்வேன்.

அதனாலதான் ஐஎஸ்பி உங்ககிட்ட உங்க பிளாக்கை மட்டும் வாங்கும், மேக்ஸிமம் ப்ரிஃபிக்ஸ்னு ஒரு வரம்பு வைக்கும், தாண்டினா செஷனையே வெட்டிடும். நீங்களும் உங்க பக்கம் வெளிய போற ஃபில்டர் போட்டு வைங்க, உங்க பிளாக்கைத் தவிர எதுவும் போகக் கூடாது. உள்ள வர்ற பக்கம் டீஃபால்ட் மட்டும் ஒப்பந்தம்னா 0.0.0.0/0ஐத் தவிர எதையும் வாங்காதீங்க. அந்தப் பக்கம் யாரோ ஒரு பாலிசியை மாத்திட்டா ஃபுல் டேபிள் உங்க குட்டி ரவுட்டர் தலையில கொட்டிடும்.

விபிஎன் ஆன் பண்ணா டீஃபால்ட் மாறல, ஆனா எல்லாம் விபிஎன்ல போகுது. எப்படி?

0.0.0.0/1, 128.0.0.0/1ன்னு ரெண்டு பாதியா ரூட் போட்டிருக்கும். ரெண்டும் சேர்ந்தா முழு இன்டர்நெட், ஆனா /0ஐவிட குறுகல், அதனால ஜெயிக்கும். ஓபன்விபிஎன் இப்படித்தான் பண்ணும், விபிஎன்னை நிறுத்தினா பழைய டீஃபால்ட் தொடாம அப்படியே இருக்கும்.

ஆபீஸ்ல பாதி பேருக்கு நெட் இருக்கு, பாதி பேருக்கு இல்ல. ஐஎஸ்பி லைன்தான் கோளாறா?

பெரும்பாலும் இல்ல. நெட் இல்லாதவங்க கம்ப்யூட்டர்ல கேட்வே என்னன்னு பாருங்க, உங்க ரவுட்டர் அட்ரஸ் இல்லாம வேற ஒண்ணு இருக்கும். யாரோ ஒருத்தர் மேசைக்கு அடியில வைஃபை நல்லா வரட்டும்னு வீட்டுலருந்து ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து லான் போர்ட்ல சொருகியிருப்பாங்க, அது தன் பங்குக்கு டிஹெச்சிபி கொடுத்து நான்தான் கேட்வேன்னு சொல்லிட்டிருக்கு. எது முதல்ல பதில் சொல்லுதோ அதைத்தான் கம்ப்யூட்டர் நம்பும். மேனேஜ்ட் ஸ்விட்ச் இருந்தா டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (வேற ஆள் கொடுக்கிற டிஹெச்சிபியைத் தடுக்கிறது) ஆன் பண்ணுங்க, இல்லைன்னா குனிஞ்சு மேசைக்கு அடியில தேடுங்க.

கடைசியா, ஹாட்லைனுக்கு அடிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன கையில வச்சுக்கணும்?

பிபிபிஓஇன்னா முதல்ல செஷன் எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு லாக்கைப் பாருங்க, பிஏடிஓவே வரலைன்னா ஃபைபர் இல்ல விலான், பாஸ்வேர்ட்ல நின்னா அக்கவுண்ட், ஐபி வந்திருந்தா அவங்க பங்கு பாதி முடிஞ்சுது. அடுத்தது ரூட்டிங் டேபிள்ல 0.0.0.0/0 எந்த இன்டர்ஃபேஸைக் காட்டுதுன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட். அப்புறம் ரவுட்டர்லருந்தே, லேப்டாப்லருந்து இல்ல, 8.8.8.8க்கு ஒரு ட்ரேஸ்ரூட் (பாக்கெட் போற வழியில இருக்கிற ஒவ்வொரு ரவுட்டரையும் காட்டும்). முதல் ஹாப்பே வரலைன்னா உங்க பக்கமோ பிராஸோ, ரெண்டு மூணு ஹாப் போய் நின்னா அவங்க உள்பக்கம். நடுவுல 10ல ஆரம்பிக்கிற அட்ரஸ் தெரிஞ்சா அது தப்பு இல்ல, ஐஎஸ்பி உள்ளுக்குள்ள அப்படி வச்சிருப்பாங்க. நட்சத்திரம் மட்டும் வந்து அதுக்கு அப்புறம் ஹாப் தொடர்ந்தா அதுவும் தப்பு இல்ல, அந்த ரவுட்டர் பதில் சொல்ல விரும்பல, அவ்வளவுதான். இந்த மூணையும் டிக்கெட்லயே ஒட்டி அனுப்புங்க, மோடமை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களான்னு கேக்குற முதல் ஆளைத் தாண்டி பிராஸைப் பார்க்குற ஆளுகிட்ட விஷயம் சீக்கிரம் போகும்.